'ம்'னா கணக்கில்ல

குன்னத்தில் எங்கள் கடைக்கு இரண்டு பெயர்ப் பலகைகள். வலது பாதியில் நான் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இடது பாதியில் அக்கா ஒரு ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு பட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டு என்று ஊருக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தார். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். அவர் போனில் பேசுவது எனக்குக் கேட்கும். நான் "கொஞ்சம் நிமிருங்க, தாடைய எறக்குங்க" என்று நாளெல்லாம் கத்துவது அவருக்குக் கேட்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடைத்தெருவில் அவருக்கு ரெக்கார்டு அக்கா என்று பெயர். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது. பசித்து வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை, ஒருவரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் பெற்ற மகள் அவரிடம் வாய்விட்டுப் பேசாமல் போனாள். அதற்குக் காரணமும் அந்த ரெக்கார்டுதான்.

போனை எடுத்தால் அவர் வணக்கம் சொல்லமாட்டார், நலம் விசாரிக்கமாட்டார். "இன்னைக்குச் செவ்வாக்கெழம, மத்தியானம். குன்னம் கம்ப்யூட்டர் சென்டர்லேருந்து பேசுறேன். நீங்க வெங்காய ஏவாரிதான?" என்றுதான் ஆரம்பிப்பார். எதிர்முனையில் இருப்பவர் காலையில்தான் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். இருந்தாலும் கிழமை சொல்ல வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு "ம்" என்று பதில் வந்தால் விடமாட்டார். "'ம்'னா கணக்கில்ல. ஆமாவா இல்லையா, வாயத் தொறந்து சொல்லுங்க" என்பார். பாவம், அந்த ஆள் ரிஜிஸ்டர் ஆபீசில் கைரேகை வைப்பவனைப் போல "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

அவருடைய போனில் வருகிற அழைப்பும் போகிற அழைப்பும் தானாகவே பதிவாகிவிடும். புதுப் போன்களில் பேச்சுக்கு நடுவே ஒரு பெண் குரல் புகுந்து, அழைப்பு பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறதாம். அக்காவுக்கு அது ஆகாது. "திருடங்கிட்ட சொல்லிப்புட்டா அப்பறம் எப்புடிப் புடிப்பாங்க?" என்பார். அதனாலேயே கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அந்தப் போன் ஒரு நாள் கடை துடைக்கிற வாளிக்குள் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்து எடுத்ததில் உயிர் வந்துவிட்டது. வெளி ஸ்பீக்கர் மட்டும் வரவில்லை. காதில் வைத்தால் கேட்கும், கீழே வைத்துவிட்டால் ஊமை. அடுத்தவருக்குப் போட்டுக்காட்ட முடியாத ரெக்கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "போனை மாத்துங்களேன்க்கா" என்றேன். "உள்ள இருக்கறதெல்லாம்?" என்று என்னை முறைத்தார்.

பிறகு எங்கேயோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஓடுகிற பாட்டை ப்ளூடூத்தில் ஹெட்போனுக்கு அனுப்புவது எல்லாருக்கும் தெரியும். இது அதற்கு நேர் எதிர்த்திசை. போனில் ஓடுவது கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்குப் போய், அதில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரோ பழசு, அதில் ப்ளூடூத் கிடையாது. பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் நகத்தளவில் ஒரு துண்டு வாங்கிவந்து பின்னால் சொருகினார். போனும் கம்ப்யூட்டரும் ஜோடி சேர்ந்துவிட்டன, சத்தம் வரவில்லை. ஒரு சின்ன ஆப்பை இறக்கினார். அதில் தன் போன் பெயரைத் தேடி அமுக்கினார். அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். மழைக்காலப் பிற்பகல், கடைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. நான் தூங்கிவிழுந்துகொண்டிருந்தேன். திடீரென்று அக்காவின் குரல் கூரை அதிர வந்தது: "இன்னைக்குத் திங்கக்கெழம, சாயங்காலம்!" நான் எழுந்து நின்றே விட்டேன்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் என்னுடையவை. கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பதற்காக வாங்கிய பெரிய சாமான்கள். கேட்காமலே எடுத்து மாட்டியிருந்தார். அன்றோடு அவை அக்காவின் பக்கம் போய்விட்டன, நானும் திருப்பிக் கேட்கவில்லை.

"போன்ல கேக்காததெல்லாம் இதுல கேக்குது தம்பி" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உண்மைதான். வெங்காய வியாபாரி பேசும்போது பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது. பேச்சுக்கு நடுவே அவர் டீயை உறிஞ்சி விழுங்கியதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கடை ஒரு சின்ன கோர்ட்டு ஆகிவிட்டது. நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். மக்காச்சோளம் அடிக்கிற மெஷின்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் "நாளைக்கு மொத வண்டி உங்க காட்டுக்குத்தான்" என்பார், ஒருவர் காட்டுக்கும் சொன்ன நாளில் போகமாட்டார். ஒரு பெரியவரின் சோளம் அறுத்துப் போட்டுக் களத்தில் கிடந்தது, மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அவருக்காக அக்காதான் போன் போட்டுப் பேசியிருந்தார். மெஷின்காரர் ஏதோ சான்றிதழுக்கு எங்கள் கடைக்கே வந்து, பெரியவரையும் வைத்துக்கொண்டு, "நான் எப்பங்க சொன்னேன்? பாக்கறேன்னுதான சொன்னேன்" என்றார். அக்கா போனில் தேடி ஒரு தட்டுத் தட்டினார். "நாளைக்குக் காலைல மொத வண்டி அவரு காட்டுக்குத்தாங்க, எம் புள்ள மேல சத்தியமா" என்று மெஷின்காரரின் குரல் மெஷின்காரரின் முகத்துக்கு எதிரிலேயே முழங்கியது. அந்த ஆள் முதலில் திகைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார். அன்று மாலையே வண்டி போனது, மழைக்கு முன்னால் சோளம் மூட்டைக்குள் போனது. அந்தப் பெரியவர் ஒரு பை நிறைய சின்ன வெங்காயம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், பேச வேண்டிய பேச்சையெல்லாம் அக்காவை விட்டுப் பேசச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். கேட்டதற்குச் சொல்லவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் தானாகச் சொன்னார். கணவர் இறந்து காரியம் முடிந்த அன்றைக்குக் கொழுந்தனார் போன் போட்டு, "அண்ணி, அண்ணன் பங்கு உங்களுக்குத்தான், அதுல ஒரு வெரக்கட கொறையாது" என்று சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கேட்டபோது, "நான் எப்ப அண்ணி அப்படிச் சொன்னேன்?" என்றாராம். கத்தவில்லை, கோபப்படவில்லை. நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர் மாதிரி, பரிதாபப்பட்டுக் கேட்டாராம்.

"நெலம் போனது போவட்டும் தம்பி. அவன் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேள நாமளா நெனச்சுக்கிட்டமோன்னு. ரா முழுக்க ஒக்காந்து யோசிக்கிறேன், சொன்னானா இல்லையான்னு. என் காதையே நான் நம்பல பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அதன் பிறகு அவர் கிழமை சொல்லிப் பேச ஆரம்பித்தால் நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் பூக்காரப் பெண் விஷயத்தில் எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. கடை வாசலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கதம்பமும் மல்லியும் கட்டி விற்பாள். அக்காவுக்கு நெருக்கம். இருவரும் ஒரே டம்ளரில் டீயைப் பாதியாக ஊற்றிக் குடிப்பார்கள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒரு நாள் காலையில் போனில் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அக்கா வழியில் அவனைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டார். அவன் பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தான்.

"எம் பொண்டாட்டிய நான் அடிக்கிறன்னு ஊரெல்லாம் சொல்றியாமே? கேளு அவள, நான் அடிச்சனா?"

பூக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள். வேறு என்ன சொல்வாள்? சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

அக்காவுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் பொறுக்கவில்லை. 'நான் சொல்லலீங்களே' என்கிற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகமே மாறிவிட்டது. போனை எடுத்துவிட்டார். "அக்கா, வேணாம்" என்று நான் தடுப்பைத் தாண்டி வருவதற்குள் அவள் அழுகை கடை முழுவதும் கேட்டது. எங்கெங்கே அடித்தான், எதனால் அடித்தான், எல்லாம் வந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "வா, வூட்டுக்குப் போவலாம்" என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் அப்புறம் வாசலுக்கு வரவில்லை. தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், கை உடைந்ததாகவும் சொன்னார்கள். "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று நான் சத்தம் போட்டேன். "நான் பொய் சொல்லலன்னு காட்டுனேன். அவ்ளோதான் தம்பி" என்றார். குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் கை ஜெராக்ஸ் மெஷினின் மூடியைச் சரியாக மூடவில்லை, எல்லாக் காகிதமும் கறுப்பாக வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய போன் அடிப்பது குறைந்தது. கூடப் பிறந்த தங்கச்சிகூட, "போன்ல வேணாம்க்கா, நேர்ல வரேன்" என்று சொல்லிவிட்டு நேரிலும் வரவில்லை. நேரில் வந்தவர்களும் மேசை மேல் இருக்கும் போனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசினார்கள். ஒளித்து வைக்காமல் பேசிய ஒரே ஆள் அவருடைய மகள்தான்.

மகள் திருச்சியில் நர்ஸ். ஒல்லியாக, நிதானமாக இருப்பாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். டியூட்டி முடிந்ததும் தினமும் அம்மாவுக்குப் போன் போடுவாள். போனில் ஸ்பீக்கர் நன்றாக இருந்தவரை அக்கா அதை மெஷின் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சொல்லுடி, கேக்குது" என்று நகல் எடுத்துக்கொண்டே இருப்பார். மகள் தன்பாட்டுக்கு வார்டு கதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பாள். இவர் வந்தவர்களிடம் "முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்பார். பேச்சுக்குப் பேச்சு பதில் வராவிட்டாலும் அம்மாவின் காது இந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போன் வாளியில் விழுந்து ஸ்பீக்கர் போனதை அக்கா அவளிடம் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். பிறகெல்லாம் காதில் வைத்துப் பேசினார். வேலை வந்தால் லைனைத் துண்டிக்காமலே கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கீழப்பழுவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். வீடு வாசல் எல்லாம் பார்த்தாயிற்று, பையனும் பெண்ணும் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தகப்பன் இல்லாத பெண்ணை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று அலைந்துகொண்டிருந்தவர் அவர். மகளுக்குச் சம்மதமா என்று போனில் கேட்டார், சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து, "சொல்லிட்டா தம்பி" என்று ஒரு லட்டைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்வதற்குப் பையன் வீட்டார் வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு பெரியப்பா. அக்காவின் வீடு கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை. அதனால் கடையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நானும் இருக்க வேண்டும் என்றார், ஆண் துணைக்கு. மகளுக்கு அன்று டியூட்டி, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தாள்.

பையனின் அம்மா நிதானமான மனுஷி. தட்டில் கை வைப்பதற்கு முன்னால், "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இவனுக்கு மொதல்ல ஒரு எடத்துல பேசி முடிச்சு, பத்திரிக அடிச்சதுக்கப்பறம் அந்தப் பொண்ணு இஷ்டமில்லன்னுடுச்சு. பாவம், அதுவும்தான் என்ன பண்ணும், யாரும் கேக்கல. அதனால கேக்கறேன். உங்க பொண்ணுகிட்ட நல்லா கேட்டீங்களா?" என்றார்.

"நான் சொல்லுவானேன்? அவ வாயாலயே கேளுங்க" என்றார் அக்கா. அவருக்கு அது எவ்வளவு பெருமையான நிமிடம் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த பழக்கம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப்போகிறது. கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, போனைச் சேர்த்து, பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டு, போனை மேசை மேல் வைத்தார்.

"இன்னைக்குப் புதங்கெழம. நான் அம்மா பேசுறேன். அந்தப் பழுவூர் பையன் விஷயம், உனக்குச் சம்மதமாடி?"

ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போயிற்று. ரொம்ப நேரம் கழித்து "ம்" என்று வந்தது.

"'ம்'னா கணக்கில்ல. வாயத் தொறந்து சொல்லு."

"சரிம்மா."

"நல்லா இரு. வச்சிடுறேன், கடைல ஆள் நிக்கிது."

அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா?" என்றபடி டீ பிளாஸ்க்கை எடுக்கத் திரும்பினார். பதிவு முடிந்துவிட்டது என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். போனை நிறுத்த யாரும் கை நீட்டவில்லை.

"அம்மா, வச்சிட்டியா?"

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகளே வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். வாசலில் யாருமில்லை.

"இல்ல, லைன்லதான் இருக்க. வேலய பாத்துக்கிட்டே கேளும்மா, பரவால்ல. அம்மா, நேத்து அவரு போன் பண்ணாரும்மா. வேலைய விட்டுடணுங்கிறாரு. நம்பர மாத்தணுமாம். யார் யார்கிட்ட பேசுறன்னு கேக்குறாரு, வார்டுல ஆம்பள பேஷண்டு இருக்காங்களான்னு கேக்குறாரு."

தூரத்தில், அதே பதிவுக்குள், அக்காவின் குரல் கேட்டது: "முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?" அதற்கும் பின்னால் என் குரல், யாரையோ நிமிரச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா. சரின்னுதான் சொல்லிட்டேன், நீ ரொம்ப ஆசப்படுற. ஆனா வேணாம்மா. நீயே எப்புடியாச்சும் வேணான்னு சொல்லிடும்மா. அம்மா? கேக்குதாம்மா?"

ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது. கடையில் அன்றைக்கு நின்ற ஆளிடம் அக்கா சில்லறை இல்லை என்று சொல்வது கேட்டது. மகள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவனைப் பார்த்து, "ஏன்டா, நீயா பேசுன இப்படி?" என்றார். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா எழுந்துவந்து அக்காவின் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி மேசை மேல் வைத்தார். "மொதல்ல பொண்ணுகிட்ட பேசுங்கம்மா. நாங்க போயிட்டு வரோம்" என்றார். போய்விட்டார்கள். நான் அக்காவை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை, என்னால் முடியவில்லை.

அவருக்கு வரன் போனது ஒரு பொருட்டாகவே இல்லை. வேறொன்று உறைத்திருந்தது. புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே தினமும் மகளிடம் பேசியிருக்கிறார். புடவை பேசியிருக்கிறார், மண்டபம் பேசியிருக்கிறார். மகள் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று சொல்லியிருக்கிறாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி நகல் எடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

"எனக்குக் கேக்கல தம்பி. ஸ்பீக்கர் இல்லையே. கீழ வச்சிட்டுப் போனன், எனக்கு எப்படிக் கேக்கும்? நீயும்தான இங்க இருந்த, உனக்குக் கேட்டுச்சா?" என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டார்.

"கேக்கலக்கா."

"அவகிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா நீங்க சொல்லச் சொன்னதா நெனைக்கும்."

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம். "நான் என்ன பேசுனேன்னே எனக்கு நெனவில்ல. அவ சொன்னதும் சரியா மனசுல நிக்கல. நீ கேட்டுச் சொல்லு" என்று ஓடவிட்டார். இந்தத் தடவை கிழமை சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. எடுத்தவுடனே அழுகைதான்.

"எனக்குக் கேக்கலடி. சத்தியமா கேக்கல. ஸ்பீக்கர் போயிருச்சுடி, தண்ணில விழுந்து."

மறுமுனையில் ஏதோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏண்டி, நம்ப மாட்டியா? கேட்டுருந்தா நான் உன்ன அங்க குடுப்பேனா? அவங்க போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு. ஏதாச்சும் பேசுடி."

"அம்மா."

"சொல்லுடி."

"இது ரெக்கார்டு ஆவுதா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "ஆவுதுடி. அது தானா ஆவுறது" என்றார்.

"சரி" என்றாள் மகள். அதற்கப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல் அது. பிறந்ததிலிருந்து நீ என்று கூப்பிட்ட அம்மாவை அவள் நீங்க என்றாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் உங்க பொண்ணு பேசுறேன். உங்களுக்குக் கேக்கலன்னு நீங்க சொல்றத நான் நம்புறேன். போதுங்களாம்மா?"

வைத்துவிட்டாள்.

"நம்புறேன்னுதானக்கா சொல்லுது" என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

மகள் அந்த மாதமே வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டு, ஆறேழு மாதத்தில் போயும் விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. பணம் அனுப்புகிறாள், பிறந்தநாளுக்குப் புடவை அனுப்புகிறாள். பேசுவதில்லை. சாப்பிட்டேன், டியூட்டி, குளிர் அதிகம் என்று எழுத்தில்தான் வரும். அக்கா போன் போட்டால் எடுக்காமல், என்னம்மா என்று எழுதிக் கேட்பாள். பதிவு செய்வதை அக்கா அன்றே நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டேன் என்று அவளுக்கு எழுதியும் போட்டார். அதற்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

நான் அரியலூரில் தனியாகக் கடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போன தையில் ஒரு கல்யாண வேலையாகக் குன்னம் போனபோது அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். பேச ஒன்றும் கிடைக்காமல், "கேக்குறியா தம்பி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார். அதே பதிவுதான். அழுகை, ஸ்பீக்கர், தண்ணீர், ரெக்கார்டு ஆவுதா. "போதுங்களாம்மா?" வந்தது. நான் எழப்போனேன்.

"இரு, இரு" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தலையைச் சாய்த்து ஸ்பீக்கரின் வலையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டார். "வச்சதுக்கப்பறமும் பேசுவா தம்பி. கடைசிவரைக்கும் கேக்கணும்."

பதிவு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.